ஓவியச் சுவரில் உப்பு பூத்தால்

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்துச் சிவன் கோயிலின் திருப்பணிக் குழுவில் பொருளாளராக இருக்கிறேன். முன் மண்டபத்தின் உட்சுவரில் மராட்டியர் காலத்தவை என்று சொல்லப்படும் திருவிளையாடல் ஓவியங்கள் உள்ளன. அவற்றில் பிட்டுக்கு மண் சுமந்த காட்சிதான் ஓரளவு முழுதாக மிஞ்சியிருக்கிறது. செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. ஓவியம் தரையிலிருந்து மூன்றரை அடிக்கு மேல் தொடங்குகிறது.

மூன்று வருஷத்துக்கு முன் சுவரின் வெளிப்பக்கம் அடிக்காரை உதிர்கிறது என்று ஐந்தடி உயரத்துக்குக் கொத்திவிட்டு சிமென்ட் பூசினோம். உள்ளே, ஓவியத்துக்குக் கீழே கிரானைட் பலகை ஒட்டினோம். பிராகாரம் முழுக்க கான்கிரீட் போட்டோம். ஓவியத்தை யாரும் தொடவில்லை. ஆனால் மறுவருஷமே ஓவியத்தின் அடிப்பகுதியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ஈரத்துணியால் துடைத்தோம். பத்து நாளில் மறுபடியும் பூத்தது. இப்போது மண்கூடை சுமக்கும் சுவாமியின் முழங்காலுக்குக் கீழே வண்ணம் மாவாக உதிர்கிறது. அதற்கு மேலே ஓரடி அகலத்துக்குக் கறுப்பாக ஈரம் தெரிகிறது. கோடையிலும் அது காய்வதில்லை.

பெயின்டர், நன்றாகக் கழுவி, ஹாலஜன் விளக்கும் பெரிய மின்விசிறியும் வைத்துக் காயவிட்டு, மேலே வார்னிஷ் அடித்துவிடலாம் என்கிறார். எங்கள் ஊர் இன்ஜினியர், வாட்டர்ப்ரூஃப் பூச்சு போதும் என்கிறார். என் தம்பி மகன், மாமல்லபுரத்தில் காகிதக்கூழ் ஒட்டி உப்பெடுப்பதைப் பார்த்திருக்கிறான். அதைச் செய்யச் சொல்கிறான். 2004 சுனாமியில் கடல்நீர் மண்டபப் படி வரை வந்து நின்றது. அந்த உப்பா இது? அப்படியானால் இத்தனை வருஷம் ஏன் வரவில்லை? அடுத்த வருஷம் கும்பாபிஷேகம். என்ன செய்யலாம் என்று வழிகாட்ட வேண்டும்.

— ஒரு வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்:

ஐயா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரத்துணியால் துடைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வார்னிஷ், வாட்டர்ப்ரூஃப் பூச்சு எதற்காவது முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். ஹாலஜன் விளக்கைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோக விடாதீர்கள். இவற்றைச் செய்யாமல் இருப்பதே அந்த ஓவியத்துக்கு இப்போது பெரிய உதவி. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். குழுவில் மற்றவர்களுக்கும் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளால் ஆனவை. அடிமண்ணில் ஈரம் இருந்தால் அந்தத் துளைகள் வழியே அது மேலே ஏறும். ஓதம் ஏறுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். ஏறிய நீர் ஏதோ ஓரிடத்தில் காற்றைச் சந்தித்து ஆவியாகிறது. நீர் மட்டும்தான் போகும். அதில் கரைந்திருந்த உப்பு போகாது. ஆவியான இடத்திலேயே தங்கிவிடும். உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. உப்பளப் பாத்தியில் வெயில் செய்யும் வேலையைத்தான் உங்கள் மண்டபச் சுவரும் செய்துகொண்டிருக்கிறது. பாத்தியில் உப்பு வெளியே கட்டுகிறது, வாரி எடுத்துவிடலாம். சுவரில் அது கல்லுக்குள்ளும் காரைக்குள்ளும் கட்டுகிறது.

உப்பு என்றதும் சாப்பாட்டு உப்பை மட்டும் நினைக்கக் கூடாது. சுவருக்குள் அது ஒரு கூட்டமாகத்தான் இருக்கும். கடல்காற்றும் கடல்நீரும் தருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, கூடவே கொஞ்சம் மக்னீசிய உப்புகள். மண்டப விதானத்தில் வவ்வால் தொங்கினால் அதன் எச்சத்திலிருந்து நைட்ரேட் வரும். கழிவுநீர், மாட்டுக் கொட்டில், நந்தவனத்து உரம் எல்லாமே நைட்ரேட்டுக்கு வழி. வட இந்தியாவில் ஒரு காலத்தில் வெடியுப்பு எடுத்ததே இப்படி ஊறிய ஊர்மண்ணிலிருந்தும் பழைய மண்சுவர்களிலிருந்தும்தான். செங்கல்லிலும் சிமென்ட்டிலும் சல்பேட் உண்டு. இவற்றோடு, பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று போர்த் தண்ணீர். உங்கள் ஊரில் தரை கழுவுவது எதில்? லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; கடற்கரைக் கிராமங்களில் அது அரிதல்ல. கழுவும் தண்ணீரில் தினமும் ஒரு லிட்டரைச் சுவரின் அடி உறிஞ்சினால்கூட, வருஷத்துக்கு 730 கிராம் உப்பு சுவருக்குள் போகிறது. சுனாமி ஒருமுறை வந்தது. இது தினமும் வருகிறது.

சுவருக்குள் உப்பு இருப்பதால் மட்டும் ஓவியம் கெட்டுவிடாது. உப்பு கரைந்தபடியே கிடந்தாலும் ஓவியம் பிழைக்கும், உறைந்தபடியே கிடந்தாலும் பிழைக்கும். கரைவதும் உறைவதும் மாறி மாறி நடக்கும்போதுதான் சுவர் உதிர்கிறது. நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

ஒவ்வொரு உப்புக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் அந்த எல்லையைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். குறைந்தால் மறுபடி படிகமாகும். சோடியம் குளோரைடுக்கு அந்த எல்லை சுமார் 75 சதவீதம். இனி உங்கள் ஊர்க் காற்றை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் 85-க்கு மேல் இருக்கும். கோடையில் மேல்காற்று வீசும் நாளின் பிற்பகலில் 60-க்குக் கீழே போய்விடும். அப்படியானால் அடியிலிருந்து ஒரு சொட்டு நீர் ஏறாத நாளிலும், சுவரில் உள்ள உப்பு இரவில் கரைந்து பகலில் உறைகிறது. வருஷத்தில் எத்தனை நாள் இது நடக்கிறது என்பதுதான் ஓவியத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. வெளியே ஒரு சுற்று மழையும் இல்லாமல் மண்டபத்துக்குள் மட்டும் வண்ணம் உதிர்வது பலருக்குப் புதிராக இருக்கும். இதுதான் காரணம்.

படிகம் எப்படித் தள்ளுகிறது? நுண்துளைக்குள் நீர் வற்ற வற்ற, கரைசல் தாங்க வேண்டிய அளவுக்கு மேல் உப்பைத் தாங்கி நிற்கும். படிகம் வளர்ந்து துளையின் சுவரை எட்டினாலும் நிற்பதில்லை. படிகத்துக்கும் துளைச்சுவருக்கும் நடுவே மிக மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எஞ்சியிருக்கும். அதன் வழியே உப்பு வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால் படிகம் சுவரைத் தள்ளிக்கொண்டு வளர்கிறது. அந்த அழுத்தம் சில மெகாபாஸ்கல் அளவுக்குப் போகக்கூடும். பழைய சுண்ணாம்புப் பூச்சின் இழுவிசை வலிமையோ பெரும்பாலும் ஒரு மெகாபாஸ்கலுக்கும் கீழே. ஆகவே பூச்சுதான் தோற்கும்.

இதை நீங்களே பார்க்கலாம். நகைக்கடையில் வைரம் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றும், சின்ன டார்ச்சும் போதும். டார்ச்சை ஓவியத்துக்கு நேரே காட்டாமல் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் சமதளமாகத் தெரிந்த இடம் இப்போது மேடும் பள்ளமுமாகத் தெரியும். லென்ஸில் பாருங்கள்: வெள்ளைப் பொடி என்று நாம் துடைத்தெறிந்தது பொடியே அல்ல. மயிரிழையைவிட மெல்லிய ஊசிகள், சில நேராக, சில சுருண்டு. பல ஊசிகளின் நுனியில் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு வண்ணச் செதில், சுவரை விட்டு முழுதாகப் பிரிந்து, காவியோ பச்சையோ அப்படியே மாறாமல் நிற்கும். அந்த இடத்தில் துணி பட்டால் உப்போடு சேர்ந்து செதிலும் போய்விடும். இதுவரை துடைத்த துணிகளில் சுவாமியின் பாதம் கொஞ்சம் போயிருக்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஊசியாக வளர்ந்திருந்தால் அங்கே சுவர் ஏறக்குறைய காய்ந்திருக்கிறது. ஈரம் சொட்டச் சொட்ட இருக்கும் சுவரில் உப்பு கெட்டியான பொருக்காகப் படியும். உங்களுடையது எது என்று பார்த்து எழுதுங்கள்.

வெளியே பூப்பதைவிட உள்ளே பூப்பதுதான் ஆபத்து. ஓதம் மெதுவாக ஏறி, காற்று வேகமாக உலர்த்தும்போது, நீர் மேற்பரப்பை எட்டும் முன்பே உள்ளே ஆவியாகிவிடும். உப்பு வண்ணத்துக்குப் பின்னால், பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் படியும். வெளியே ஒன்றும் தெரியாது. விரல் கணுவால் மெல்லத் தட்டினால் டொக் என்று கூடு சத்தம் கேட்கும். ஒருநாள் ஒரு முழத் துண்டு மொத்தமாக விழும். ஹாலஜனும் மின்விசிறியும் வேண்டாம் என்று நான் பதறுவது இதற்காகத்தான். வேகமாக உலர்த்துவது என்றால் உப்பை வண்ணத்துக்குப் பின்னால் கட்டவைப்பது.

ஈரத்துணிக்கு வருகிறேன். சுவர் உப்புகளில் மிகக் கொடியது சோடியம் சல்பேட். உங்கள் இன்ஜினியரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும். கான்கிரீட்டுக்கான ஜல்லி வெயில் மழைக்குத் தாங்குமா என்று சோதிக்க ஆய்வகத்தில் இந்த உப்புக் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து, மறுபடி ஊறவைப்பார்கள். ஐந்து சுற்று போதும். 12 சதவீதத்துக்கு மேல் உதிர்ந்தால் ஜல்லியைத் தள்ளிவிட வேண்டும் என்பது இந்திய தர நிர்ணயம். கருங்கல் ஜல்லியையே உடைக்கும் உப்பு அது. பிரான்சில் 1828-லேயே, கட்டடக்கல் உறைபனிக்குத் தாங்குமா என்று பார்க்கும் பிரார் என்பவரின் சோதனை முறை வெளியானது. அவர் எடுத்துக்கொண்டதும் இதே உப்பைத்தான்.

சோடியம் சல்பேட்டுக்கு இரண்டு முகம். நீரே இல்லாத தெனார்டைட் ஒன்று. ஒரு மூலக்கூறுக்குப் பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட மிராபிலைட் இன்னொன்று. முன்னதைவிடப் பின்னது மூன்று மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். 32 டிகிரி வெப்பத்துக்குக் கீழே நீர் கிடைத்தால் மிராபிலைட் உருவாகும். அந்த 32 டிகிரியை உங்கள் ஊர்ச் சுவர் கோடையில் தினம் இரண்டு முறை கடக்கும். காய்ந்த தெனார்டைட் இருக்கும் துளையில் திடீரென்று தண்ணீர் பட்டால், அது கரைந்த கணமே கரைசல் மிராபிலைட்டைத் தாங்க முடியாத அளவுக்குச் செறிந்துவிடும். உடனே மிராபிலைட் படிகங்கள் மொத்தமாகக் கிளம்பும். அதாவது காயும்போது மட்டுமல்ல, நனையும்போதும் இந்த உப்பு உடைக்கிறது. நீங்கள் ஒவ்வொரு முறை ஈரத்துணி வைத்தபோதும் ஜல்லிக்கு ஆய்வகத்தில் நடக்கும் சோதனையில் ஒரு சுற்று ஓவியத்துக்கு நடந்திருக்கிறது.

கோடையிலும் காயாத அந்தக் கறுப்புப் பட்டையை நீங்கள் கவனித்து எழுதியது மிக நல்லது. அடியிலிருந்து ஏறும் நீரில் எல்லா உப்பும் கலந்துதான் வரும். வற்ற வற்ற, எளிதில் கரையாதவை முதலில் தங்கிவிடும்; நன்றாகக் கரைபவை கடைசி வரை நீரோடு போகும். உப்பளத்தில் ஜிப்சம் முதலில் படிந்து, பிறகு உப்பு கட்டி, கடைசியில் கசப்பு நீர் மிஞ்சுவதும் இதே ஒழுங்கில்தான். சுவரில் இந்த ஒழுங்கு உயரமாக மாறிவிடுகிறது: சல்பேட்டுகள் கீழே, குளோரைடுகளும் நைட்ரேட்டுகளும் மேலே. கால்சியம் நைட்ரேட் ஏறக்குறைய 50 சதவீத ஈரப்பதத்திலேயே கரைந்துவிடும், மக்னீசியம் குளோரைடு 33-லேயே. உங்கள் கடற்கரையில் காற்று அவ்வளவு வறள்வதே அபூர்வம். அதனால் அந்தப் பட்டை எப்போதும் ஈரமாகவே தெரியும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் அங்கே வண்ணம் உதிர்வது குறைவு. உறைதல் நடக்காததுதான் காரணம். அதைக் காயவைக்க யாராவது முயன்றால் உதிர்தல் அங்கேயும் தொடங்கும். அதை அப்படியே விடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. இத்தனை காலம் இல்லாதது இப்போது ஏன்?

இத்தனை காலமும் இருந்தது, ஐயா. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அடிக்காரை உதிர்ந்துகொண்டிருந்தது என்று. சுவரின் கீழ் இரண்டு மூன்று அடி சுண்ணாம்புப் பூச்சுதான் ஓதத்தை வெளியே விட்டது, உப்பை ஏற்றுக்கொண்டது, உதிர்ந்தது. திருவிழாவுக்கு முன்னால் உதிர்ந்ததைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசி, காவியும் வெள்ளையும் அடித்தார்கள். உதிர்ந்த காரையோடு ஒவ்வொரு வருஷமும் சுவரின் உப்பில் ஒரு பங்கு கோயிலை விட்டே போயிற்று. சுனாமி உப்பும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த அடிக்காரை அழிந்துகொண்டே இருந்ததால்தான் ஓவியம் இருந்தது. அதைச் சேதம் என்று நினைத்து நீங்கள் மூடிவிட்டீர்கள்.

வெளியே ஐந்தடிக்கு சிமென்ட், உள்ளே மூன்றரை அடிக்கு கிரானைட். இரண்டு பக்கமும் வழி அடைபட்டது. பிராகாரத்து மண்ணையும் கான்கிரீட் மூடியதால், முன்பு மண்ணிலிருந்தே ஆவியான ஈரம் இப்போது சுவரடிக்குப் போகிறது. நீருக்கு ஒரே வழிதான்: இன்னும் மேலே ஏறி, கிரானைட் முடியும் இடத்தில் மூச்சுவிடுவது. அந்த இடம் சுவாமியின் பாதம். உப்பு புதிதாக வந்ததல்ல. அது வெளியேறும் வாசலைத்தான் திருப்பணி மேலே நகர்த்தியிருக்கிறது.

போதாதென்று சிமென்ட்டும் தன் பங்குக்கு உப்பு தருகிறது. போர்ட்லாண்ட் சிமென்ட்டில் சோடியம், பொட்டாசியம் காரங்கள் உண்டு. ஈரத்தில் இவை கரைந்து வெளியே வந்து, காற்றோடு சேர்ந்து கார்பனேட் ஆகும். வண்ணார்கள் பயன்படுத்திய உவர்மண்ணில் இருப்பதும் இந்த வகைதான். பழைய சுவரில் அதிகம் தொந்தரவு தராமல் கிடக்கும் ஜிப்சத்தோடு சோடியம் கார்பனேட் சேர்ந்தால் சுண்ணாம்புக்கல் ஒரு பக்கம், சோடியம் சல்பேட் மறுபக்கம். சாதுவாகக் கிடந்த உப்பைக் கொடியதாக மாற்றும் வேலையை சிமென்ட் செய்கிறது.

இதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ள அமராவதிச் சிற்பங்களை 19ஆம் நூற்றாண்டில் சிமென்ட் வைத்துச் சுவரிலேயே பதித்தார்கள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்ததுதான். பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல் பலகைகள் அவை. ஈராயிரம் வருஷம் ஆந்திர மண்ணில் கிடந்து மிஞ்சிய அந்தக் கல், சுவரிலிருந்தும் சிமென்ட்டிலிருந்தும் வந்த உப்பால் பொரிந்து உதிரத் தொடங்கியது. கடைசியில் அவற்றைச் சுவரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. சென்னை போனால் அந்தக் கூடத்தில் சற்று நின்று பாருங்கள்.

வார்னிஷும் வாட்டர்ப்ரூஃப் பூச்சும் இந்தக் கதையின் அடுத்த கட்டம்தான். சுவரின் முகத்தை அடைத்தால் உப்பு அந்தப் படலத்துக்குப் பின்னால் கட்டும். படலம் வண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், உப்பு படலத்தைத் தள்ளும், இரண்டும் சேர்ந்து சுருண்டு பெயரும். துண்டு துண்டாக உதிர்ந்த ஓவியம் அப்போது தாள் தாளாக உரிந்து வரும். உப்பு இல்லாத இடத்திலேயே வார்னிஷ் என்ன செய்யும் என்பதற்கு அஜந்தா இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் நிஜாம் அரசு அழைத்து வந்த இத்தாலிய வல்லுநர்கள் அங்கே அரக்கு வார்னிஷ் பூசினார்கள். அது பழுத்துக் கறுத்து ஓவியத்தையே மறைத்தது. அதை எடுக்கும் வேலை தொல்லியல் துறைக்குப் பல தலைமுறை வேலையானது.

காகிதக்கூழ் பற்றி உங்கள் தம்பி மகன் சொன்னது தவறல்ல. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறையினர் அப்படித்தான் உப்பெடுக்கிறார்கள். சுத்தமான நீரில் ஊறிய கூழைக் கல்லின் மேல் அப்பி, காயவிட்டு, உப்போடு உரித்தெடுப்பார்கள். ஆனால் அது கருங்கல். அதன் மேல் வண்ணம் இல்லை. உங்கள் சுவரில் கூழின் நீர் முதலில் உள்ளே போகும். மேற்பரப்பில் இருந்த உப்பில் ஒரு பங்கைச் சுவருக்குள் ஆழமாகத் தள்ளும். சோடியம் சல்பேட் இருந்தால் நனைத்ததே கேடு. கூழ் ஒட்டும் இடத்தில் ஏற்கெனவே தூக்கி நிற்கும் செதில்கள் கூழோடு போகும். தகுந்த பயிற்சி பெற்றவர் கையில், முதலில் செதில்களை ஒட்டி உறுதிப்படுத்திய பிறகு, சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துச் செய்யலாம். அதுவும் ஓதம் நின்ற பின்புதான். அடியில் ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது மேலே உப்பெடுத்தால் எடுத்ததை மண் ஒரே வருஷத்தில் திருப்பித் தந்துவிடும்.

உப்பை முழுக்க எடுக்க முடியாத இடத்தில் என்ன செய்வார்கள் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. உலகத்தின் மிக அழகிய சுவரோவியங்கள் என்று நான் மதிப்பவை எகிப்தில், லக்ஸருக்கு எதிரே உள்ள அரசி நெஃபர்தாரியின் கல்லறையில் இருக்கின்றன. 1904-இல் இத்தாலிய ஆய்வாளர் ஸ்கியாபரெல்லி அதைக் கண்டுபிடித்தபோதே ஓவியங்கள் சில இடங்களில் பெயர்ந்திருந்தன. சுண்ணாம்புப் பாறையில் இயல்பாகவே இருந்த சோடியம் குளோரைடுதான் காரணம். பாறைக்கும் பூச்சுக்கும் இடையே உப்பு கட்டி, ஓவியத்தோடு பூச்சைத் தள்ளியிருந்தது. மழையே இல்லாத பாலைவனம்! பூச்சுவேலையின்போது கலந்த நீரும், எப்போதோ வந்த வெள்ளமும், பார்க்க வந்தவர்களின் மூச்சும் வியர்வையுமே அதற்குப் போதுமானதாக இருந்தது. 1986 முதல் 1992 வரை கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் எகிப்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து அதைச் செப்பனிட்டன. பாறையிலுள்ள உப்பை முழுக்க எடுப்பது நடக்காத காரியம். அதனால் பெயர்ந்தவற்றை உறுதிப்படுத்தி, கல்லறைக் காற்றின் ஈரப்பதத்தைக் கண்காணித்து, 1995-இல் திறந்தபோது ஒரு நாளைக்கு 150 பேருக்கு மேல் விடவில்லை. உப்பைத் தூங்கவிடுவதற்கு அவ்வளவு கட்டுப்பாடு.

சரி, நீங்கள் செய்யக்கூடியவை.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். மண்டபத் தரையைப் போர்த் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதை நிறுத்தி, பிழிந்த துணியால் துடைக்கச் சொல்லுங்கள். சுவரோரம் குழாயோ செடியோ இருந்தால் அகற்றுங்கள். மேல்தளத்துத் தூம்புகள் அடைத்திருக்கின்றனவா, மழைநீர் சுவரடியில் விழுகிறதா என்று ஐப்பசிக்கு முன்பே பாருங்கள். பிராகாரக் கான்கிரீட்டைச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு ஜல்லி நிரப்பி, வெளியே வாட்டம் கொடுங்கள். வவ்வால் எச்சத்தை உலர்ந்த நிலையிலேயே அள்ளுங்கள், கழுவாதீர்கள்.

அடுத்து, உள்ளே உள்ள கிரானைட் பலகைகளும் வெளியே உள்ள சிமென்ட்டும் வெளியேற வேண்டும். செலவு செய்து மூன்று வருஷம்தான் ஆகிறது, குழுவில் சண்டை வரும் என்று தெரியும். ஆனாலும் இதைத் தவிர்க்க வழியில்லை. எச்சரிக்கை ஒன்று: ஓவியச் சுவரின் முதுகில் பிரேக்கர் வைத்து இடிக்கக் கூடாது. அதிர்விலேயே செதில்கள் உதிர்ந்துவிடும். ஓவியப் பாதுகாவலர் ஒருவர் வந்து தூக்கி நிற்கும் வண்ணத்தை மெல்லிய தாள் வைத்து உறுதிப்படுத்திய பிறகு, சின்ன உளியால் கையால் கொத்த வேண்டும். தை மாசியில் செய்யுங்கள். சித்திரை வெயிலில் சுவரைத் திடீரென்று திறந்தால் வேகமாகக் காய்ந்து உப்பு உள்ளே கட்டும். திறந்த பக்கத்தில் முதல் சில வாரம் சாக்குப் படுதா தொங்கவிடுங்கள்.

திறந்த இடத்தில் சுண்ணாம்புக் காரை மட்டும் பூசுங்கள். உங்கள் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் மிக நல்லது. நீற்றிப் பல வாரம் ஊறவைத்தது ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. நல்ல தண்ணீரில் அலசிய ஆற்றுமணலாக இருக்கட்டும், முகத்துவாரத்து மணல் கூடாது. கடுக்காயும் வெல்லமும் இந்தப் பூச்சுக்கு வேண்டாம். அவை காரையை இறுக்கும். இது பலவீனமாக இருக்க வேண்டிய பூச்சு. உப்பை வாங்கிக்கொண்டு உதிர்வதுதான் அதன் வேலை. முதல் வருஷம் அதில் உப்பு வெள்ளையாகக் கொட்டும். பயப்படாமல், உலர்ந்த தூரிகையால் முறத்தில் வாங்கி, கோயிலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தரையில் விட்டால் அடுத்த ஈரத்தில் அதே சுவருக்குத் திரும்பும். சில வருஷத்தில் பூச்சு பொரிந்ததும் கொத்திவிட்டு மறுபடி பூசுங்கள். சிந்துவில் மொகஞ்சதாரோவின் செங்கல் சுவர்களிலும் மண்பூச்சைக் கொண்டு இதே வழியைத்தான் கையாள்கிறார்கள். நாலாயிரம் வருஷத்துச் செங்கல் உதிர்வதைவிட நேற்றுப் பூசிய மண் உதிர்வது மேல்.

ஓவியத்தின் மேலுள்ள உப்பைத் தொடாதீர்கள். அதை எடுப்பதும் விடுவதும் பாதுகாவலர் பார்த்துச் சொல்ல வேண்டியது. கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் அவர்களுடைய எழுத்து அனுமதி இல்லாமல் ஓவியச் சுவரில் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. அனுமதி கேட்கும்போதே சுவரோவியப் பாதுகாவலர் ஒருவரை அனுப்பும்படி எழுதுங்கள். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவுக்கு 1930-களிலிருந்து இந்தத் துறையில் பரிச்சயம் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் பூச்சையும் வண்ணங்களையும் வேதியியல் முறையில் முதலில் ஆராய்ந்த எஸ். பரமசிவன் அங்கேதான் இருந்தார். பாரம்பரியச் சின்னங்களின் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பிலும் சுவரோவியங்களில் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் ஓவியங்களில் அவர்களுடைய வேலையை நீங்கள் நேரில் போய்ப் பார்க்கலாம், உங்களுக்குப் பக்கம்தான்.

கும்பாபிஷேகத் தேதிக்குள் ஓவியத்தைப் புதிதாக்க யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். ஒன்றரைச் செங்கல் கனமுள்ள சுவர் ஓதம் வடிந்து நிதானத்துக்கு வரவே இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். கும்பாபிஷேகத்தை நடத்துங்கள். ஓவியத்தின் முன்னால் ஒரு கயிறு கட்டி, கூட்டம் சாயாமல் பாருங்கள். யாகசாலையை அந்த மண்டபத்துக்குள் போடாதீர்கள். புகையும் வெப்பமும் ஒரு பக்கம், தெளிக்கும் நீர் இன்னொரு பக்கம்.

இதற்கிடையே ஒரு காரியத்தை நீங்களே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டிஜிட்டல் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஓவியத்துக்கு எதிர்த் தூணில் மாட்டி, காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மாதம் ஒருமுறை, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, அதே இடத்திலிருந்து படமெடுங்கள். ஓவியம் இல்லாத பக்கத்துச் சுவரில், பாதுகாவலர் வரும்போது, அரையடி, இரண்டடி, நாலடி உயரங்களில், மேலாகவும் ஆழமாகவும் துளைப்பொடி எடுத்து, குளோரைடு, சல்பேட், நைட்ரேட் எவ்வளவு என்று தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். போர்த் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் சேர்த்துக் கொடுங்கள். அந்த முடிவுகளும் உங்கள் நோட்டின் ஆடி முதல் தை வரையிலான பக்கங்களும் என் கைக்கு வந்தால், சோடியம் சல்பேட் எவ்வளவு இருக்கிறது, காகிதக்கூழை அந்தச் சுவர் தாங்குமா என்பதை அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.